ஏர்போட் கிட் ஒன்றும் அதன் விசிறி நின்ற உயரமும்

செங்கோட்டையிலிருந்து புளியரைக்குப் போகும் பாதையை ஒட்டிய குளங்களில் ரிமோட் படகு விட்டுப் பார்த்தவர்களுக்கு, தண்ணீருக்கு அடியில் புரொப்பல்லர் சுழலும் படகு எங்கள் பக்கத்துக்கு ஆகாது என்பதைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கரையிலிருந்து இருபது அடி போவதற்குள் பாசி அச்சில் சுற்றிக்கொள்ளும். பாசிக்குத் தப்பினால் அல்லிக்கொடி. அதற்கும் தப்பினால் ஆகாயத்தாமரை. நடுக்குளத்தில் நின்றுபோன படகை எடுக்க லாரி டியூபில் ஏறித் துழாவிக்கொண்டு போன நாட்கள் எனக்குக் கணக்கில்லை. அதனால்தான் விசிறி முழுவதும் தண்ணீருக்கு மேலே நிற்கும் ஏர்போட் ஒன்றை வாங்குவது என்று முடிவு செய்து, கொச்சியில் ட்ரோன் உதிரிபாகங்கள் விற்கும் ஒரு சிறிய கடையிலிருந்து கிட் ஒன்றை வரவழைத்தேன். கடையின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. கிட்டில் நான் கண்ட முக்கியக் குறை ஒன்றே ஒன்று. அதே குறை வேறு பல கிட்களிலும், வீட்டிலேயே செய்யப்படும் படகுகளிலும் இருப்பதால், அந்தக் கடையை மட்டும் சுட்டுவது நியாயமாக இராது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பெட்டியைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் உட்பட அநேகர் இதை ஹோவர்கிராஃப்ட் என்றே நினைக்கிறார்கள். மண்டபத்தில் கடலோரக் காவல்படை வைத்திருக்கும் ஹோவர்கிராஃப்ட் தனக்கு அடியில் காற்றை நிரப்பி, அந்தக் காற்று மெத்தையின் மேல் மிதந்து போகிறது. ஏர்போட் அப்படியல்ல, தட்டையான அடிப்பாகம் கொண்ட சாதாரணப் படகுதான், அதைத் தள்ளுவது மட்டும் காற்று. 1905-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் உள்ள பாடெக் என்னும் ஊரில் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் குழுவினர் இப்படி ஒன்றைச் செய்து அதற்கு 'அழகில்லாத வாத்துக்குஞ்சு' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். அவர்களுக்குப் படகு தேவைப்படவில்லை. என்ஜினையும் புரொப்பல்லரையும் சோதித்துப் பார்க்க ஒரு மேடை தேவைப்பட்டது. புரொப்பல்லரைச் சோதிப்பதற்காகப் பிறந்த வண்டியில் இன்றைக்கும் வம்பு புரொப்பல்லரிலிருந்தே தொடங்குகிறது என்பதில் எனக்கு வியப்பில்லை.

கிட்டின் நல்ல பக்கம் கணிசமானது. 5 மி.மீ. பிவிசி ஃபோம் போர்டில் எல்லாத் துண்டுகளும் இயந்திரத்தால் வெட்டப்பட்டு, எண் இடப்பட்டு வருகின்றன. எந்த விளிம்பையும் நான் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கவில்லை. அடிப்பாகம் 62 செ.மீ. நீளமும் 26 செ.மீ. அகலமும் உடையது. முன்பகுதி சறுக்குமரம் போல மேல்நோக்கி வளைவதற்கு வசதியாகப் போர்டின் ஒரு பக்கத்தில் கீறல்கள் போட்டுத் தந்திருக்கிறார்கள். அந்த வளைவு எவ்வித முறுக்கலும் இல்லாமல் அமைந்தது. ஒட்டுவதற்கு ஃபெவிக்விக் போதும். பேட்டரி, மோட்டார், சுக்கானைத் திருப்பும் சர்வோ அனைத்தும் ஏறிய பிறகு எடை 1,050 கிராம். தண்ணீரில் விட்டால் 8 மி.மீ. அளவுக்குத்தான் அமிழ்கிறது. ஆகாயத்தாமரை இலையின் மேல் ஏறி இறங்குவதற்கு இந்தக் குறைந்த அமிழ்வுதான் காரணம். இந்த விலைக்கு இவ்வளவு துல்லியமான வெட்டு வேலையை நான் எதிர்பார்க்கவில்லை.

விளக்கத் தாள் ஆங்கிலத்தில் ஒரு பக்கம். அதன் ஓரத்தில் கையால் எழுதிய மலையாளக் குறிப்பு ஒன்று. புனலூரில் நெடுநாள் கடை வைத்திருந்த என் மாமா அதைப் படித்து, "காற்று அடிக்கும்போது விடாதே என்று எழுதியிருக்கிறான் மாப்பிள்ளை" என்றார். ஆனி ஆடியில் எங்கள் ஊரில் காற்று அடிக்காத நேரம் எது என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்காது.

இனிக் குறைக்கு வருகிறேன். கிட்டுடன் மோட்டார் தொகுப்பு ஒன்றையும் சேர்த்து விற்கிறார்கள்: 2212 அளவுள்ள 1000 கேவி (அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று) பிரஷ்லெஸ் மோட்டார், 30 ஆம்பியர் ஸ்பீடு கண்ட்ரோலர், 10 அங்குலக் குறுக்களவுள்ள 1045 புரொப்பல்லர். இவை மூன்றும் நான்கு விசிறி ட்ரோன் கட்டுபவர்கள் வழக்கமாக வாங்கும் சாமான்கள். அந்தக் கடையின் அலமாரியில் ஏற்கெனவே இருப்பவை. 10 அங்குல விசிறியின் ஆரம் 127 மி.மீ. விசிறி முனை தளத்தில் இடிக்காமல் இருக்க 18 மி.மீ. இடைவெளி விட்டிருக்கிறார்கள். ஆக, மோட்டாரின் அச்சு தளத்துக்கு மேல் 145 மி.மீ. உயரத்திலும், நீர்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 20 செ.மீ. உயரத்திலும் போய் நிற்கிறது. படகுக்கு ஏற்ற உயரம் எது என்று தீர்மானித்து அதற்குள் அடங்கும் விசிறியைத் தேடியிருக்க வேண்டும். இங்கே கையில் இருந்த விசிறியை வைத்துக்கொண்டு அது சுழல்வதற்கு வேண்டிய உயரத்தில் மோட்டார் நிற்கும் தாங்கியை எழுப்பியிருக்கிறார்கள். பார்வைக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது, பெரிய விசிறியும் அதைச் சுற்றிப் பெரிய கம்பிக் கூண்டுமாக. தண்ணீரில் இறக்கும்போதுதான் அதன் பலன் தெரிகிறது.

முதல் நாள் என் அக்கா மகன்தான் ரிமோட்டை வைத்திருந்தான். பாதி வேகம் வரை படகு அழகாகவே போனது. அதற்கு மேல் கொடுத்ததும் முன்மூக்கு தாழத் தொடங்கியது. சறுக்குமர வளைவின் மேல் விளிம்பை நீர் தொட்டது. அடுத்த நொடி தளத்தின் மேல் ஓர் அலை ஏறிப் பேட்டரிப் பெட்டியின் மூடி வரை வந்தது. "மாமா, மூக்கு முங்குது!" என்று அவன் கத்தினான். "வேகத்தைக் குறைலே!" என்று நானும் கத்தினேன். குறைத்தவுடன் மூக்கு எழுந்தது. கொடுத்தவுடன் மறுபடியும் தாழ்ந்தது. அன்று மாலை முழுவதும் பாதி வேகத்திலேயே ஓட்டிவிட்டுத் திரும்பினோம்.

மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவனுக்கு இதைக் கணக்குப் போடாமல் தூக்கம் வராது. பள்ளி ஆய்வகத்து வில்தராசில் படகைக் கட்டி முழு வேகம் கொடுத்துப் பார்த்ததில் தள்ளும் விசை 700 கிராம் அளவுக்கு இருந்தது. படகு ஓடும்போது இது குறையும் என்றாலும், புறப்படும் நேரத்துக்கு இந்த எண்ணையே வைத்துக்கொள்ளலாம். விசை நீர்மட்டத்துக்கு 20 செ.மீ. மேலே முன்னோக்கித் தள்ளுகிறது. அதைத் தடுக்கும் நீரின் இழுவை அடிப்பாகத்தில் பின்னோக்கி இழுக்கிறது. ஒன்று தலையைப் பிடித்துத் தள்ள, மற்றொன்று காலைப் பிடித்து இழுத்தால் ஆள் குப்புற விழுவது போலத்தான் படகும் விழுகிறது. 700 கிராமை 20 செ.மீ.-ஆல் பெருக்கினால் 14 கிலோ-செ.மீ. திருப்புத்திறன். என் படகின் ஈர்ப்பு மையம் பின்விளிம்பிலிருந்து 26 செ.மீ. தொலைவில் இருந்தது, அங்கிருந்து மூக்குக்கு 36 செ.மீ. ஆகவே முழு வேகம் கொடுக்கும்போது மூக்கில் ஏறத்தாழ 400 கிராம் கல்லைத் தொங்கவிட்டதற்கு இது சமம். ஒரு கிலோ எடையுள்ள படகின் மூக்கில் 400 கிராம் கல்! அது முங்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். புறப்படும் நொடிகளில் படகின் சடத்துவமும் விசையின் ஒரு பங்கை ஈர்ப்பு மையத்தின் உயரத்திலேயே ஏற்றுக்கொள்வதால் உண்மையான அளவு சற்றுக் குறைவாகவே இருக்கும்; ஆனால் குறை எங்கே என்பதைக் காட்ட இந்தக் கணக்கு போதும்.

அதே நாளில் இன்னொன்றையும் கவனித்தேன். திடீரென்று வேகம் கொடுத்தால் படகின் இடது விளிம்பு அமிழ்ந்தது. விசிறி ஒரு பக்கம் சுற்ற, படகு எதிர்ப் பக்கம் சுற்றப் பார்க்கிறது. பின்னாலிருந்து பார்க்கும்போது 1045 வலஞ்சுழியாகச் சுற்றுவதால் இடது பக்கம் அழுந்துகிறது. இந்த முறுக்கு விசிறியின் உயரத்தைப் பொறுத்ததல்ல. ஆனால் பெரிய விசிறியை மெதுவாகச் சுற்றுவதைவிடச் சிறிய விசிறியை வேகமாகச் சுற்றினால் அதே தள்ளு விசைக்கு முறுக்கு குறைவாகவே வரும் என்பதால், பெரிய விசிறியைத் தேர்ந்தெடுத்ததன் செலவில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சுழற்சித் திசையால் எனக்கு நேர்ந்த நட்டம் வேறு. விமானத்தில் முன்னால் இருந்து இழுக்கும் விசிறியை ஏர்போட்டில் பின்னால் இருந்து தள்ளுவதற்கு வைக்கும்போது, எண்கள் பொறித்த முகம் படகு போகும் திசையை, அதாவது மோட்டாரை, பார்த்து இருக்க வேண்டும். விளக்கத் தாளின் படத்தில் அந்த முகம் வெளியே பார்த்தபடி இருக்கிறது; அப்படி மாட்டினாலும் படகு நகரும், ஆனால் விசிறி இலையின் வளைவு தலைகீழாக இருப்பதால் விசையில் ஒரு பகுதி வீணாகும். நான் அதைச் சரியாகவே திருப்பி மாட்டி, மோட்டாரின் மூன்று கம்பிகளில் இரண்டை இடம் மாற்றிச் சுழற்சியையும் சரிசெய்தேன். ஆனால் நட்டைப் பற்றி யோசிக்கவில்லை. வலப்பக்கம் திருகினால் இறுகும் சாதாரண வலமரை நட்டு, அச்சின் முனையிலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாகச் சுற்றும் மோட்டாரில் தானாக இறுகும். வலஞ்சுழியாகச் சுற்றும் மோட்டாரில் ஒவ்வொரு முறை வேகம் கொடுக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். தள்ளும் விசிறிக்கு அமைவது இரண்டாவது நிலை. இரண்டாம் நாள், குளத்தின் நடுவில், விர்ரென்று ஓர் ஓசை மாறிய மறுகணம் நட்டு கழன்று, விசிறி கூண்டின் கம்பிகளில் ஒன்றை வளைத்துவிட்டுத் தண்ணீரில் விழுந்தது. லாரி டியூப் மறுபடியும் வெளியே வந்தது. படகு கிடைத்தது, விசிறி கிடைக்கவில்லை.

கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். மறுமுனையில் பேசிய இளைஞர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "அதொக்கெ ரெடியாக்காம் சாறே" என்று சொல்லி, வளைந்த கூண்டுக்கு மாற்றுக் கூண்டைக் காசு வாங்காமல் நான்காவது நாளே கூரியரில் அனுப்பிவைத்தார். அந்த வகையில் சேவையைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தாங்கியின் உயரத்தைப் பற்றிச் சொன்னபோது, பேட்டரியைப் பின்னால் தள்ளினால் சரியாகிவிடும் என்பதோடு நிறுத்திக்கொண்டார். பேட்டரி 190 கிராம். அதை 4 செ.மீ. பின்னால் தள்ளினால் கிடைப்பது முக்கால் கிலோ-செ.மீ.; எதிரே நிற்பது 14. இந்த விகிதத்தை அவர் ஒருமுறை கணக்கிட்டிருந்தால் அந்த யோசனையைச் சொல்லியிருக்க மாட்டார்.

விசிறியைத் தாழ்த்துவதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, தாங்கியை நகர்த்தி, விசிறி முழுவதையும் படகின் பின்விளிம்புக்கு வெளியே கொண்டுபோய்விடுவது. அங்கே கீழே தளம் இல்லை. எனவே விசிறி முனை தளத்தின் மட்டத்துக்கும் கீழே, நீர்மட்டத்தை நெருங்கும் வரை இறங்கலாம். தாளில் பார்த்தால் இதைவிடச் சிறந்த இடம் கிடையாது. அட்டையில் மாதிரித் தாங்கி செய்து, மீதமிருந்த இன்னொரு 10 அங்குல விசிறியை வைத்து முயன்று பார்த்தேன். மூக்கு முங்குவது உண்மையிலேயே நின்றுபோனது. ஆனால் முழு வேகத்தில் படகின் பின்னால் எழும் நீர்த்துளிகளை விசிறி அள்ளி எறியத் தொடங்கி, சர்வோவும் ரிசீவரும் நனைந்தன. அதைக்கூட மூடி போட்டுச் சமாளித்திருப்பேன். ஆகாயத்தாமரைத் திட்டின் மேல் ஏறியபோதுதான் இந்த முறையைக் கைவிட்டேன். படகின் அடிப்பாகம் இலைகளை அழுத்திக்கொண்டு போகிறது. பின்விளிம்பு கடந்தவுடன், காற்றடைத்த அந்தக் காம்புகள் விருட்டென்று நிமிர்கின்றன. நிமிர்கிற இடத்தில் விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது. கீரை அரிவது போல நாலைந்து காம்புகளை அரிந்த பிறகு ஐந்தாவதிலோ ஆறாவதிலோ விசிறியின் இலை ஒன்று அடியோடு முறிந்தது. ஒற்றை இலையோடு சுழன்ற மோட்டாரின் அதிர்வில் தாங்கியின் ஒட்டு விட்டுப்போனது. பாசி படராத ஏரியோ நீச்சல் குளமோ வாய்த்தவர்களுக்கு இந்த இடம் பொருந்தலாம். ஏர்போட் வாங்குவதற்கான காரணமே செடிகொடிகள் என்றால் இது பொருந்தாது.

விசிறியை முன்பகுதியில் வைத்து இழுக்கவிடும் அமைப்பையும் சிலர் செய்கிறார்கள். காற்று முழுவதும் தளத்தின் மேலும் சாமான்களின் மேலும் மோதிச் சிதறிய பிறகே சுக்கானுக்கு வந்து சேரும் என்பதால் நான் அதை முயலவில்லை.

இரண்டாவது வழி, விசிறியைத் தளத்தின் மேலேயே வைத்து, அதன் குறுக்களவைக் குறைப்பது. நான் செய்தது இதுதான். 8 அங்குல விசிறியின் ஆரம் 102 மி.மீ.; முனைக்கும் தளத்துக்கும் 12 மி.மீ. இடைவெளி விட்டேன். அச்சின் உயரம் 145-லிருந்து 114 மி.மீ.-ஆக இறங்கியது, 31 மி.மீ. குறைவு. சிறிய விசிறி அதே விசையைத் தர வேண்டுமென்றால் வேகமாகச் சுற்ற வேண்டும் என்பதால் 1000 கேவி மோட்டாரை எடுத்துவிட்டு, அதே 2212 அளவிலேயே 1400 கேவி மோட்டாரைப் பொருத்தினேன். திருகு துளைகள் மாறவில்லை. மூன்று செல் லிப்போ பேட்டரியில் முழு வேகத்துக்கு 14 ஆம்பியர் இழுக்கிறது. 30 ஆம்பியர் கண்ட்ரோலருக்கு இது சுமையே அல்ல. வில்தராசு ஏறத்தாழ அதே 700 கிராமைத்தான் காட்டியது.

விசிறியைத் தேர்ந்தெடுக்கும்போது முன்பு பட்ட பாட்டை மறக்கவில்லை. ட்ரோன் விசிறிகள் எப்போதும் இணையாகவே வரும்; ஒன்று நேர்ச்சுழற்சிக்கு, மற்றது எண்ணுக்குப் பின்னால் 'ஆர்' என்று பொறித்த எதிர்ச்சுழற்சிக்கு. எண் பொறித்த முகம் மோட்டாரைப் பார்க்கும்படி 'ஆர்' விசிறியை மாட்டினால், அச்சின் முனையிலிருந்து பார்க்கும்போது அது இடஞ்சுழியாகச் சுற்றும். சாதாரண நட்டு தானாகவே இறுகும். தனியாக இடமரை மோட்டார் தேட வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விடுகிறது. அப்படியும் நைலான் லாக் நட்டு ஒன்றைத்தான் போட்டிருக்கிறேன். சூடு கண்ட பூனை. சுழற்சி மாறியதால் இப்போது அழுந்துவது வலது விளிம்பு. பேட்டரியை நடுக்கோட்டிலிருந்து 15 மி.மீ. இடப்புறம் நகர்த்தியதும் அது அடங்கியது.

தாங்கியை வெட்டும் வேலை அரை மணி நேரத்துக்கு மேல் எடுக்காது. ஹேக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணியைச் சுற்றிக் கையால் பிடித்துக்கொண்டு, இரண்டு கால்களையும் ஒரே அளவில் குறித்து, ஃபோம் போர்டு சூடேறி இளகாமல் இருக்க மெதுவாக இழுத்து அறுக்க வேண்டும். வெட்டிய கால்களைத் தளத்தில் ஒட்டுவதற்கு முன், மோட்டாரின் கீழ்த் திருகுகளுக்கு அடியில் 2 மி.மீ. கனத்துக்கு வாஷர் வைத்தேன். இதனால் மோட்டார் ஏறத்தாழ 5 டிகிரி அண்ணாந்து, விசிறிக் காற்று சற்றே மேல்நோக்கிப் போகிறது. விசையின் ஒரு சிறு கூறு, 60 கிராம் அளவுக்கு, படகின் பின்பகுதியைக் கீழே அழுத்துகிறது. ஈர்ப்பு மையத்திலிருந்து 20 செ.மீ. பின்னால் அழுத்துவதால் கிடைப்பது 1.2 கிலோ-செ.மீ. உயரம் குறைந்ததில் 2.2, கடைக்காரர் சொன்ன பேட்டரி நகர்த்தலில் முக்கால். மொத்தத்தில் 14-இல் ஏறக்குறைய 4 போய்விட்டது. முழுவதும் தீர்ந்துவிடவில்லை என்றாலும், முழு வேகத்தில் மூக்கின் விளிம்பு நீருக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கிறது. வளைவு மீதியைப் பார்த்துக்கொள்கிறது.

முனைக்கும் தளத்துக்கும் உள்ள இடைவெளியை இன்னும் குறைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். 12-லிருந்து 6 மி.மீ.-ஆகக் குறைத்துப் பார்த்தேன். ஒவ்வோர் இலையும் தளத்தைக் கடக்கும்போது ஒரு தட்டல் ஓசை எழுந்து, முழு வேகத்தில் அது உறுமலாக மாறியது. தளம் அதிர்ந்து கண்ட்ரோலரின் கம்பி இணைப்பு ஒன்று தளர்ந்தது. விசிறிக்கு நேர் முன்னால் இருக்கும் எதுவும் இதே வேலையைச் செய்யும். கிட்டில் அழகுக்காக ஓட்டுநர் பொம்மைக்கு ஓர் உயர்ந்த இருக்கையைத் தந்திருக்கிறார்கள். அது விசிறிக்கு 5 செ.மீ. முன்னால் நின்று, வரும் காற்றின் நடுப்பகுதியை மறைக்கிறது. இருக்கையைக் கழற்றிய அன்றைக்கே ஓசை பாதியாகக் குறைந்தது. பொம்மையை அக்கா மகன் எடுத்துக்கொண்டான்.

சுக்கானைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுவும் விசிறியின் உயரத்தோடு கட்டுண்டது. ஏர்போட்டில் சுக்கான் விசிறிக் காற்றுக்குள் நிற்கும் வரையில்தான் வேலை செய்யும். வேகத்தை முழுவதும் குறைத்துவிட்டால் திருப்பமும் இல்லை, பிரேக்கும் கிடையாது. கரையை நோக்கி வருகிற படகைத் திருப்ப வேகம் குறைப்பது இயல்பான அனிச்சை. இந்தப் படகில் அதுவே தவறு. தவிர, இடப்பக்கம் திருப்பும்போது சுக்கான் படகின் பின்பகுதியை வலப்பக்கம் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் உயரத்தில் நடப்பதால் படகு வெளிப்பக்கமாகச் சாய்கிறது. பழைய உயரத்தில் முழு வேகத் திருப்பம் ஒன்றில் கவிழ்ந்தே போனது. விசிறியும் சுக்கானும் சேர்ந்து 31 மி.மீ. இறங்கிய பிறகு சாய்கிறதே தவிரக் கவிழவில்லை. கிட்டுடன் வரும் 9 கிராம் சர்வோ இந்தச் சுக்கான்களுக்குப் போதுமானது. தள்ளுகம்பி மட்டும் மெலிந்தது, சைக்கிள் ஆரக்கால் ஒன்றை வெட்டிப் போட்டுக்கொண்டேன்.

காற்றைப் பற்றி மாமா படித்த குறிப்புக்கு வருகிறேன். ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரலோடு வரும் மேல்காற்று, ஆனியிலிருந்து ஆவணி வரை எங்களுக்கு நாள் தவறாத விருந்தாளி. கார் பருவத்துக்கு குளங்கள் நிரம்பியிருப்பதும் அதே மாதங்களில்தான். கூண்டும் சுக்கானும் படகின் பின்பகுதியில் பாய் போல எழுந்து நிற்பதால், வேகத்தை நிறுத்தியவுடன் காற்றுத் திசைகாட்டி போல மூக்கு காற்றை நோக்கித் திரும்பிவிடும். அதாவது கொச்சியில் செய்த படகு எங்கள் குளத்தில் சும்மா விட்டால் கேரளத்தைப் பார்த்து நிற்கும். பெரிய கூண்டு இருந்தபோது பாதி வேகத்தில்கூட அதைக் குறுக்காக ஓட்ட முடியவில்லை. 8 அங்குலத்துக்கு ஏற்பச் சிறிய கூண்டைக் கம்பியில் நானே வளைத்துச் செய்த பிறகு மாலை ஐந்தரைக்கு மேல், காற்று சற்றுத் தணியும் நேரத்தில், ஓட்ட முடிகிறது. கூண்டே இல்லாமல் விட்டால் காற்றுக்கு இன்னும் நல்லதுதான். ஆனால் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றும் இலையின் அருகே சிறுவர்கள் கை வைக்கும் விளையாட்டில் கூண்டு பேரத்துக்குரிய பொருளல்ல. பேட்டரியை இணைப்பதைப் படகு தண்ணீரில் நின்ற பிறகே செய்வது என்று வீட்டில் சட்டம் போட்டிருக்கிறேன்.

ஓட்டும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மீன்பாசி குத்தகை எடுத்தவரிடம் கேட்காமல் குளத்தில் எதையும் விடாதீர்கள். எங்கள் குளத்துக் குத்தகைதாரர் பெருந்தன்மையாகச் சம்மதித்தார், குஞ்சு விட்ட மாதத்தில் மட்டும் வேண்டாம் என்றார். நாமக்கோழிகள் கூடு கட்டும் கோரைப் பக்கமும் நாங்கள் போவதில்லை. இந்த விசிறியின் ஓசை அவற்றுக்குப் பிடிக்காது.

விலை: கிட் மட்டும் 2,200 ரூபாய், மோட்டார் தொகுப்புடன் 3,400 ரூபாய், கூரியர் தனி. வெட்டு வேலைக்காகவும் அடிப்பாகத்தின் அமைப்புக்காகவும் இதைத் தயங்காமல் வாங்கலாம் என்பதே என் கருத்து. அறுத்து ஒட்டத் தயங்குகிறவர்கள், பெட்டியைத் திறந்த அன்றே முழு வேகத்தில் ஓட்ட விரும்புகிறவர்கள் வாங்க வேண்டாம். வாங்குகிறவர்கள் மோட்டார் தொகுப்பு இல்லாத பதிப்பையே கேளுங்கள். மிச்சமாகும் 1,200 ரூபாயில் 1400 கேவி மோட்டார், 30 ஆம்பியர் கண்ட்ரோலர், 8 அங்குல 8045 விசிறி இரண்டு இணை ஆகியவற்றை வெளியே வாங்கிவிட முடியும். விசிறியை இணையாகத்தான் தருவார்கள் என்பதால் 'ஆர்' இல்லாத இரண்டு மிஞ்சும். என்னிடம் இருப்பவற்றை வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.